தேதி என்ற கட்டம்

செட்டியாரின் பெரிய வீட்டுக்கு, அதாவது வளவுக்கு, சுண்ணாம்பு அடிக்க வந்த பெயிண்டர்தான் 2014 ஆவணியில் அந்தப் பேச்சை எடுத்தார். அவருடையது 1990-இல் மண்டபம் வழியாக வந்த குடும்பம். சிவகங்கை மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில் இருந்தார்கள். "அண்ணை, என்ர மச்சாளுக்கு ஒரு அறிக்கை எழுதித் தருவீங்களோ? ஜெனிவாவுக்கு" என்றார்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளை. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று அக்கம்பக்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பதுண்டு. அதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்துச் சரி என்றேன்.

அந்த வருஷம் மார்ச்சில் ஜெனிவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைப் பேரவை 25/1 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. இலங்கைப் போரில் இரு தரப்பும் செய்ததை ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் விசாரிக்க வேண்டும் என்பது அது. இலங்கை அரசோ விசாரணைக் குழுவை உள்ளே விடவில்லை. அதனால் எழுத்து மூலம் சாட்சியம் கேட்டிருந்தார்கள். தமிழிலேயே எழுதலாம், பத்துப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, கடைசி நாள் அக்டோபர் 30.

அந்த அம்மா வன்னிக்காரர். 2009-இல் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் மெனிக் பாம் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, பிறகு அக்காவிடம் வந்து சேர்ந்தவர். (செட்டிகுளம் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குக் காது நிமிர்ந்தது. அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கத் தோன்றியது; கேட்கிற நேரமா அது?) முகாமில் உட்கார்ந்து எழுத அவருக்குப் பயம். அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ் வந்து போகிற இடம். இதில் கையெழுத்துப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அக்காவும் தடுத்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வளவின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து எழுதினோம். ஆறு ஞாயிறு ஆனது.

முதல் ஞாயிறு முழுக்க நான் ஒன்றும் எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் நான் எழுதி வந்ததைப் படித்துக் காட்டினேன். 'கொடூரமாக', 'ஈவிரக்கமின்றி' என்றெல்லாம் போட்டிருந்தேன். அவர் நிறுத்தினார். "அண்ணை, நான் அப்பிடிச் சொல்லேல்லை." சொல்லவில்லைதான். அதையெல்லாம் அடித்ததில் நாலு பக்கம் குறைந்தது.

மதுரை வக்கீல் ஒருவர் போனில் ஒரு யோசனை சொன்னார்: கண்ணால் கண்டது வேறு, பிறர் சொல்லக் கேட்டது வேறு, இரண்டையும் கலக்காதீர்கள். எனக்கு அது எளிதாகப் பிடிபட்டது. கண்டதை நீல மையிலும் கேட்டதைச் சிவப்பிலும் எழுதினேன். செல், அதாவது பீரங்கிக் குண்டு, எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதில் சிக்கல். பொக்கணையில் கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல் களப்பு. "களப்புப் பக்கமிருந்து" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதலில் அங்கே வெடித்த சத்தம், கொஞ்சம் பொறுத்துத் தலைக்கு மேலே கூவல், பிறகு விழும் என்றார். அதை அப்படியே எழுதினேன். ஆமி அடித்தது என்ற முடிவை எழுதவில்லை. முடிவு கட்ட வேண்டியது விசாரிக்கிறவர்கள் வேலை.

ஒரு இடத்தில் நான்தான் தயங்கினேன். மூத்த மகனைப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போனதையும் எழுதச் சொன்னார். இதை எழுதினால் நம்ம ஊர்க்காரர்களே ஒரு மாதிரி பார்ப்பார்களே அம்மா என்றேன். "அவன் என்ர பிள்ளை. எழுதுங்கோ" என்றார். எழுதினேன், நீல மையில்.

எல்லாவற்றையும்விட இழுத்தது தேதிதான். தேதி, நேரம், இடம் இல்லாமல் ஒரு சம்பவம் நிற்காது. ஆனால் அங்கே தேதி பார்த்து யார் வாழ்ந்தார்கள்? அவருக்கு எல்லாமே ஊரை வைத்துத்தான். விசுவமடுவில் இருந்தபோது, சுதந்திரபுரத்தில் பங்கர் வெட்டினபோது, மாத்தளனில் கப்பல் வந்தபோது. கிளிநொச்சி விழுந்த ஜனவரி 2, முதல் பாதுகாப்பு வலயத்தை அறிவித்த ஜனவரி 21, இரண்டாவதை அறிவித்த பிப்ரவரி 12 ஆகியவற்றை ஒரு தாளில் கோடு போட்டு எழுதி, அவர் சொன்னதை நடுவில் சொருகிக்கொண்டே வந்தேன். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் செல் விழுந்தது சிவராத்திரிக்கு முன்னாலா பின்னாலா? முன்னால். சரி, பொருந்துகிறது.

சின்ன மகளின் நாள் மட்டும் பிடிபடவில்லை. பொக்கணையில் சுகாதாரத் துறைக்காரர்கள் பால்மா (பால்பவுடர்) கொடுக்கிறார்கள் என்று தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். அந்த வரிசையில் செல் விழுந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமைக்குள்தான் என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. மூன்றாவது ஞாயிறு, எழுந்து போகும்போது, வாசலில் நின்று சொன்னார்: "அண்டைக்குப் பங்குனி உத்தரம். விரதம் எண்டு நான் கஞ்சியும் குடிக்கேல்லை."

எனக்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. உள்ளே போய் 2009-ஆம் வருஷத்துக் குறிப்பேட்டை எடுத்தேன். ஏப்ரல் 8, புதன். என் கையெழுத்தில் 'குன்றக்குடி உத்தரம், காவடிச் செலவு' என்று ஒரு பற்று. அன்று நான் மலையேறி இறங்கி, வீட்டில் ஆச்சி வைத்த பாயசம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். அவரிடம் தேதியை மட்டும் சொன்னேன்.

ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் ஏப்ரல் 8, பால்மா வரிசை என்று இருந்ததைப் பின்னால் வக்கீல் காட்டினார். தேதி பொருந்தியது என்று நான் சந்தோஷப்பட்டேன். வேறு சொல் கிடைக்கவில்லை, கணக்கு நேர்ப்பட்டவனின் சந்தோஷம் அது. அவரோ கேட்டார்: "அப்ப அவைக்கு முந்தியே தெரியும்தானே. பிறகு ஏன் திருப்பிக் கேக்கினம்?" பேரேட்டில் இருந்தாலும் அதற்கு வவுச்சர் வேண்டும் என்று என் பாஷையில் ஏதோ சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அனுப்பியது தனிக் கூத்து. தீபாவளி முடிந்து ஒரு வாரம், நல்ல மழை, கரண்டு வேறு போய்ப் போய் வந்தது. நெட் சென்டர் பையன் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிட்டான். பரீட்சைக்கு வக்கீலுக்கு அனுப்பினால் அங்கே வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்ததாம். முழுவதையும் யூனிகோடில் மறுபடி அடித்து, பிடிஎப் ஆக்கி, ஒன்பதே முக்கால் பக்கத்தில் நிறுத்தினோம். பெயரை வெளியிடக்கூடாது, மற்ற அமைப்புகளுக்கு என்னைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று கடைசியில் ஒரு வரி. அந்தக் கணினியில் இருந்த நகலை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். இதுபோல எழுதப் போகிறவர்கள் இந்த இரண்டு வேலையையும் மறக்காதீர்கள்.

2015 செப்டம்பர் 16-இல் அறிக்கை வந்தது. அதன் பிறகு தீர்மானங்கள் வந்தன. 2021 மார்ச்சில் 46/1 வந்து, சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கத் தனியாக ஒரு பிரிவு அமைந்தது. அதே வருஷம் இங்கே அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். வழக்கு, தண்டனை என்று அந்த அம்மாவுக்கு இதுவரை எதுவும் வந்து சேரவில்லை.

புதிய பிரிவுக்கும் அனுப்பலாமா என்று கேட்டேன். அனுப்புங்கோ என்றார். பழையதைப் படித்துக் காட்டாமல் மறுபடி கேட்டு எழுதினேன். ஒரே ஒரு இடம்தான் மாறியது: வரிசையில் நூறு பேர் என்றவர் இப்போது நூற்றைம்பது இருக்கும் என்றார். எது சரி என்றேன். "எண்ணிக்கொண்டே நிண்டனான்?" என்றார். இரண்டையும் அப்படியே விடச் சொன்னார் வக்கீல்.

இரண்டு மையில் எழுதிய நோட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. முகாம் வீடு மழைக்கு ஒழுகும். செட்டியாரிடம் கேட்டு, கணக்கறை இரும்புப் பெட்டியில், பழைய பேரேடுகளுக்கு அடியில் வைத்தேன். எதை வாங்கி வைத்தாலும் ரசீது கொடுப்பது எங்கள் வழக்கம். 'நோட்டு ஒன்று, பக்கம் 84, பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.