கொழும்புக்குத் தனியப் போறவருக்கு

வடக்கிலிருந்து ரயிலில் வருகிறவர் முதல் தடவை கொழும்புக்கு வருகிறாரா என்பது ராகமையில் தெரிந்துவிடும். ராகமைப் பலகையைக் கண்டதும் துடித்து எழும்பி, மேல் தட்டிலிருந்து பையை இறக்கி, முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் சாத்தி, வாசலடியில் போய் நிற்பவர் புது ஆள். பழைய ஆள் வாயைத் திறந்தபடி நித்திரை. ராகமைக்குப் பிறகும் களனி, தெமட்டகொட, மருதானை எல்லாம் கிடக்கிறது. மருதானைக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றால், வாசலில் நிற்பவரின் தோளும் முருங்கைக்காயும் ஒன்றாக வாடும்.

அடுத்த பொறி மருதானையேதான். பெரிய நிலையம், நிறைய மேடைகள், பாதிச் சனம் இறங்கும். அதைப் பார்த்து இதுதான் கொழும்புக் கோட்டை நிலையம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் ஒவ்வொரு வண்டியிலும் உண்டு. கோட்டை இதற்கு அடுத்த நிலையம். பலகை மூன்று மொழியிலும் இருக்கிறது. சனத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்து இறங்குங்கள். தவறி இறங்கினாலும் பெரிய நட்டமில்லை. வெளி வாசலுக்குப் போகாமல் உள்ளேயே நின்று, கோட்டைப் பக்கம் போகிற அடுத்த வண்டியில் ஏறலாம். வாசலுக்குப் போனால் ரிக்கெற்றை வாங்கிவிடுவார்கள். வெளியேறும் இடத்தில் ரிக்கெற் கொடுக்க வேண்டும் என்பதை ஏழெட்டு மணித்தியாலப் பயணத்தில் மறந்து, அதைச் சுருட்டிக் காது குடைந்தவர்கள் வாசலில் நின்று படுகிற பாடு தனிக் காட்சி.

இரவு பஸ்ஸில் வருகிறவரின் சிக்கல் வேறு மாதிரி. சுமார் 400 கிலோமீற்றரை ஓடி முடித்து, விடியப்புறம் நாலரை ஐந்துக்கே வெள்ளவத்தையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். லொட்ஜில் அறை கிடைப்பது மத்தியானம் 12க்கோ 2க்கோ. நடுவில் கிடக்கிற ஏழு, ஒன்பது மணித்தியாலத்தை என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. அறை பதியும்போதே "விடிய வாறன், பையை வைக்கலாமா, முகம் கழுவலாமா" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஓம் என்பார்கள். தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அதன் போன் படத்தை எல்லா இடத்திலும் ஏற்கமாட்டார்கள்.

உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முதல் நாள் போனில் "எத்தனை மணியெண்டாலும் வாங்கோ" என்ற மாமா, விடிய 4.45க்கு போன் எடுக்கமாட்டார். தொடர்மாடியின் கீழே காவலாளி இருப்பார். அவருக்கு மாமாவின் பெயர் தெரியாது, வீட்டு இலக்கம் மட்டும்தான் தெரியும். ஆகவே இலக்கத்தை மாடியோடு சேர்த்து எழுதி வையுங்கள். அத்தோடு ஒழுங்கை காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமா உள்பக்கமா என்றும் கேட்டு வையுங்கள். தென்கொழும்பில் வழி கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும். கடல் மேற்கே. அதை ஒட்டி ரயில் பாதை, அதை ஒட்டி மரைன் டிரைவ், அதற்குச் சமாந்தரமாகக் காலி வீதி. கடலை வலக்கையில் வைத்து நடந்தால் தெஹிவளைப் பக்கம் போகிறீர்கள். இடக்கையில் என்றால் கோட்டைப் பக்கம். போனில் சார்ஜ் இறங்கினாலும் கடல் இடம் மாறாது.

கொழும்பின் தபால் வலய இலக்கங்களை மட்டும் நம்பி நடக்காதீர்கள். 1 கோட்டை, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை, இப்படி 15 வரை போகும். காலி வீதியில் 4 முடிய 6 வரும். 5 எங்கே என்று தேடினால் அது உள்ளே, ஹவ்லொக் டவுன் பக்கம் இருக்கும். கோட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் 2 மட்டுமல்ல, 11உம்தான். கடவுச்சீட்டு அலுவலகம் இந்த 15க்குள் எதிலும் இல்லை, பத்தரமுல்லையில் இருக்கிறது. "கொழும்புக்குத்தான் வந்திட்டனே, நடந்து போயிடுறன்" என்று கோட்டையிலிருந்து கிளம்பினால், அன்றைய வரிசையை மறந்துவிடலாம்.

இனி பஸ். ஏறுவதற்கு முன்னமே சில்லறை வேண்டும். ஏ.ரி.எம். இயந்திரத்தில் 5,000 என்று அடித்தால் ஒற்றைத் தாளாக வந்து விழலாம். அதை நீட்டினால் கொண்டக்டர் உங்களைப் பார்க்கிற பார்வையில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். 4,500 என்று அடியுங்கள். ஆயிரமும் ஐந்நூறுமாக வரும். அதில் ஒன்றைத் தேத்தண்ணிக் கடையில் உடைத்துக்கொண்டு, 100, 50, 20 தாள்களைச் சட்டைப் பையில் தனியே வையுங்கள். பெரிய தாள் கொடுத்தால் "மிச்சம் பிறகு தாறன்" என்று சொல்லி, சில வேளை ரிக்கெற்றின் பின்பக்கத்தில் தொகையைக் கிறுக்கித் தருவார். அந்தக் கடதாசித் துண்டுதான் உங்கள் கடன் பத்திரம். இறங்குவதற்கு இரண்டு தரிப்பிடம் முன்னமே அதைக் காட்டிக் கேட்க வேண்டும். இறங்கிய பிறகு கேட்டால், கொண்டக்டர் கேட்டாலும் பஸ் கேட்காது.

புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு 100 அல்லது 101ஆம் இலக்க பஸ். முதலாவது பாணந்துறைக்கும் இரண்டாவது மொறட்டுவைக்கும் போகிறது. இரண்டும் காலி வீதிக்காரர்கள். 138 கிருலப்பனை, நுகேகொடை வழியாக மகரகமைப் பக்கம் போய்விடும், அதில் ஏறிக் கடலைத் தேடாதீர்கள். பலகையில் தமிழ் சின்னதாகத்தான் இருக்கும், பஸ் நிற்கிற நேரத்துக்குள் வாசித்து முடியாது. இலக்கத்தைப் பிடியுங்கள். கோட்டை, கோட்டே, பிட்டகோட்டே, பிட்டகொட்டுவ என்று நான்கு சத்தம் காதில் விழும். முதலாவது ரயில் நிலையம் இருக்கிற இடம், கடைசி புறக்கோட்டை. நடுவில் உள்ள இரண்டும் பாராளுமன்றப் பக்கம். வாசலில் தொங்குகிறவர் எதைக் கூவினார் என்பதில் சந்தேகம் இருந்தால், ஏறுவதற்கு முன் இறங்க வேண்டிய கடையின் அல்லது சந்தியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளே முன்பக்க இருக்கைகள் மதகுருமாருக்கானவை. காலியாக இருந்தால் உட்காரலாம். பிக்கு ஒருவர் ஏறினால் எழும்ப வேண்டும். புது ஆள் இதை அறியாமல் ஜன்னலால் தாமரைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பஸ் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நின்று போகும்போது, உட்கார்ந்திருக்கிற அம்மா ஒருவர் உங்கள் பையைப் பிடித்து இழுத்தால் பயப்பட வேண்டாம். மடியில் வைத்துத் தருவதற்காகத்தான் இழுக்கிறார். கொடுத்துவிட்டு நன்றி சொல்லுங்கள், இறங்கும்போது ஞாபகமாக வாங்குங்கள்.

இறங்குவது ஒரு கலை. "இறக்கம்!" என்று யாழ்ப்பாண மினிபஸ்ஸில் கத்துவது போலக் கத்தினால் 100ஆம் இலக்க பஸ்ஸில் பலருக்கு விளங்கும், மற்ற பஸ்களில் "பஹினவா" என்றால் வேலை நடக்கும். மணி இருந்தால் அதுவே போதும். தரிப்பிடம் வந்த பிறகு எழும்பினால் அடுத்த தரிப்பிடம்தான், ஒரு தரிப்பிடம் முன்னமே வாசலுக்கு நகருங்கள். பஸ் முழுதாக நிற்கும்வரை காலை வைக்காமல் இருப்பதே சரி. ஆனால் சாரதியின் அகராதியில் 'நிற்பது' என்பது மெதுவாக உருள்வது. அப்படியானால் பஸ் போகிற திசையைப் பார்த்தபடி இடக்காலை முதலில் வையுங்கள். வாசல் இடப்பக்கம் இருப்பதால், வலக்காலை முதலில் வைத்தால் உடம்பு பின்னோக்கித் திரும்பும். உடம்புக்கு இன்னும் பஸ்ஸின் வேகம் இருக்கும், கால் மட்டும் தரையில் நின்றுவிடும், மல்லாக்க விழுவீர்கள். பெரிய உருட்டுப் பையும் கையில் என்றால் இந்தச் சாகசமே வேண்டாம், "டிக்கக் இன்ன" என்று சொல்லி முழுதாக நிறுத்தச் செய்யுங்கள்.

திரும்பி வருவதிலும் ஒரு வினை இருக்கிறது. கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் காலி வீதி ஒருவழிப் பாதை. எதிர்த் திசைப் பஸ்கள் சமாந்தரமாக உள்ளே இருக்கிற டூப்ளிகேஷன் வீதியால் போகும். இறங்கிய இடத்துக்கு நேர் எதிரே போய் நின்று, பஸ் வரும் வரும் என்று வெயிலில் காய்கிறவரைப் பார்த்தால், அவர் ஊருக்குப் புதுசு என்று எழுதி ஒட்டத் தேவையில்லை. ஏதாவது குறுக்கு ஒழுங்கையால் நடந்து அடுத்த வீதிக்குப் போக வேண்டும்.

நேரம் இருந்தால் கரையோர ரயில் எல்லாவற்றையும்விட மேல். கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. தெற்கே போகும்போது கொள்ளுப்பிட்டியிலிருந்து வலப்பக்கம் முழுக்கக் கடல், அதுவும் பஸ்ஸைவிட மலிவாக. மாத்தறை, காலி கடுகதிகளில் மட்டும் ஏறிவிடாதீர்கள். சின்ன நிலையங்களில் நிற்காமல் போகும் வண்டி என்றால் வெள்ளவத்தை ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும், உங்களுக்குப் பாணந்துறையைப் பார்க்கக் கிடைக்கலாம். பின்னேரம் நாலரையிலிருந்து ஆறரை வரை கந்தோர்ச் சனம். அந்த நேரத்தில் பையோடு ஏறுகிறவர் நெஞ்சுக்கும் பைக்கும் நடுவில் எந்தக் கை யாருடையது என்று தேட வேண்டி வரும்.

புறக்கோட்டைக்குப் போகிறவர்கள் முதலில் நாளைப் பாருங்கள். ஞாயிறும் போயா எனும் பௌர்ணமி தினமும் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் கொஞ்ச நேரம் அடைக்கும். தெருக்களுக்கென்று சரக்கு உண்டு. 1ஆம் குறுக்குத் தெருவில் மின் சாமான், 2ஆம் குறுக்குத் தெருவில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பள்ளிவாசலும் சுற்றிலும் துணியும், 4ஆம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, மிளகாய். நகைக்குச் செட்டியார் தெரு. இதைத் தெரியாமல் போனால் ஒரு சார்ஜர் வாங்க மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே நடக்க வேண்டும். கைவண்டில் இழுக்கிற நாட்டாமைமாருக்கு வழிவிடுவது மரியாதைக்காக மட்டுமல்ல. அந்தப் பாரத்தோடு ஓடும் வண்டிலுக்குப் பிரேக் கிடையாது. நடைபாதைக் கடையில் பேரம் பேசலாம், விலைச்சீட்டு ஒட்டிய கடையில் பேசினால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பை முதுகில் அல்ல, நெஞ்சில்.

தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு மேல் உயரம், எங்கே நின்றாலும் தெரியும். அதனாலேயே அதை வழிகாட்டியாக வைக்கக்கூடாது. பக்கத்தில்தான் என்று நடந்தால் முக்கால் மணித்தியாலம் நடந்த பிறகும் அதே பக்கத்தில் இருக்கும். ஆரையும் சந்திக்கக் குறிப்பிட வேண்டுமென்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னாலுள்ள ஒல்கொட் சிலையடி நல்லது. அங்கே ஒன்றுதான் இருக்கிறது.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தவுடன், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை, பற்றிஸ் கொண்டுவந்து வைப்பார்கள். பதறி "நான் கேக்கேல்லை அண்ணை" என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம், வைத்ததற்குக் காசு கட்டத்தானே வேணும் என்று எட்டையும் விழுங்கவும் வேண்டாம். சாப்பிட்டதை எண்ணித்தான் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். ஆகவே அமத்திப் பார்த்துத் திரும்ப வைக்காதீர்கள். சைவம் என்றால் உள்ளே என்ன என்று முதலிலேயே கேளுங்கள், வெளித்தோற்றத்தில் மீனும் உருளைக்கிழங்கும் ஒன்றுதான். காலிமுகத்திடலில் வடை என்று வாங்குவதன் தலையில் இறால் குந்தியிருக்கும். திடலின் கடலோர நடைபாதையை 1859இல் கட்டி முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், சிறுவர்கள் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தார். காகங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வடைக் கடதாசியை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

அங்கேயே ஓட்டோக்காரர் ஒருவர் வந்து, "இண்டைக்கு விகாரையில யானை ஊர்வலம், இண்டைக்கு மட்டும்தான்" என்பார். கங்காராம விகாரையின் பெரஹெரா பெப்ரவரி பௌர்ணமியை ஒட்டி வருவது. மற்ற மாதங்களில் அந்த யானை உங்களை மாணிக்கக் கடை வாசலில்தான் இறக்கும். ஓட்டோ கூப்பிட பிக்மீ, ஊபர் என்ற போன் அப்கள் இரண்டும் ஓடுகின்றன. சாரதி வந்து "அப்பில கன்சல் பண்ணுங்கோ, அதே காசுக்குக் கொண்டுபோறன்" என்றால் மறுத்துவிடுங்கள்; கன்சல் பண்ணிய பிறகு 'அதே காசு' எது என்பதற்குச் சாட்சி இல்லை. மீற்றர் ஓட்டோவில் ஏறினால், மீற்றர் புதிதாகத் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். முந்தின ஆளின் கட்டணத்தில் தொடர்ந்து ஓடுகிற மீற்றரும் உண்டு.

ஊர் திரும்ப இரவு பஸ் என்றால் புறக்கோட்டைக்கு அலையத் தேவையில்லை. யாழ்ப்பாணம் போகிற தனியார் பஸ்கள் பல வெள்ளவத்தையிலேயே ஆள் ஏற்றுகின்றன. பதியும்போது ஆசன இலக்கத்தோடு பஸ்ஸின் பதிவு இலக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஒரே நிறத்தில் நாலைந்து வந்து நிற்கும். குளிரூட்டி பஸ்ஸில் ஒரு போர்வை கட்டாயம், ஏனென்றால் குளிரின் அளவு சாரதியின் கையில் இருக்கிறது, அவர் நித்திரை கொள்ளக்கூடாது என்பதில் உறுதியாக இருப்பார். "அஞ்சு நிமிசத்தில வாறம்" என்று போனில் சொன்னால் தாராளமாக மிக்சர் வாங்கப் போகலாம். "இந்தா வந்திட்டம்" என்றால் தேத்தண்ணியும் குடிக்கலாம். போன் எடுக்காவிட்டால் மட்டும் அசையாதீர்கள், பஸ் சந்தியில் திரும்பிக்கொண்டிருக்கிறது.