சுமை நோட்டு: தருமபுரி வாலிபால் முகாம்

ஜனவரி 6, செவ்வாய்

காலைப் பயிற்சி 90 நிமிடம். முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் நோட்டைத் திறந்தேன். ஆடும் பெண்களிடம் உடனே கேட்டால் கடைசியாக ஓடிய ஓட்டத்துக்கு மட்டும்தான் பதில் வரும். "பத்துக்கு எவ்வளவு கஷ்டம்?" அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய சுமை, 6 என்றால் 540. அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய முறை, பேனா இருந்தால் போதும். தனித்தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறேன். சேர்த்து நிற்கவைத்தால் முதல் பெண் சொன்னதையே எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

ஜனவரி 8, வியாழன்

இன்று லேசான பயிற்சி, 4 தாண்டாது என்றார் கோச். மற்றவர்கள் 4, 5. செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், மட்டும் 8. "சும்மா சொல்றாளா?" என்றார். நாளைக்கு எண்ணிப் பார்க்கிறேன் சார் என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

வலையோரம் உட்கார்ந்து கோடு போட்டு எண்ணினேன். அட்டாக்கர்கள் ஒரு பந்து அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் மூச்சு வாங்குகிறார்கள். செட்டருக்கு ஏது வரிசை? எல்லாப் பந்தும் அவளிடம்தான் வருகிறது, பெரும்பாலும் குதித்தே போடுகிறாள். முன்வரிசைக்கு வந்தால் 2.24 மீட்டர் வலைக்கு மேல் எதிரணி அடியைத் தடுக்கும் பிளாக்குக்கும் ஏற வேண்டும். பின்வரிசையில் பந்தை எடுக்கும் லிபரோ நேர்மாறு: குதிப்பு குறைவு, நாள் முழுக்கக் குனிந்தே நிற்பதால் தொடையும் இடுப்பும் கத்தும். கோச் தாளைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. மாலையில் இரண்டாவது செட்டரும் களத்தில் இருந்தாள். சரி, அது போதும்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் வந்தாச்சு. தூக்கம், களைப்பு, உடம்புவலி கேட்டதற்கு மிடில் பிளாக்கர் (வலையோரம் நடுவில் நின்று தடுப்பவள்), "நல்லா இருக்கேன்க்கா" என்றாள். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்தாள். முட்டிச் சில்லுக்குக் கீழே விரல் வைத்ததும் முகம் சுளித்தாள். அப்புறம்தான் கதை வந்தது: பென்னாகரம் பக்கம் பொங்கல் மேட்ச், விடிய விடிய, இறுகிய மண் தரையில். பரிசுப் பணம் வீட்டுக்குப் போயிருக்கிறது. திட்ட எனக்கு வாய் வரவில்லை. எத்தனை மணி நேரம் என்று கேட்டு, கஷ்டம் 9 என்று எழுதினேன். பெருக்கிப் பார்த்தால் நோட்டிலேயே பெரிய சுமை அதுதான்.

வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவர்களும் கவலைதான். சும்மா இருந்த உடம்பில் திடீரென முழுச் சுமை ஏற்றக்கூடாது. கடைசி 7 நாள் சுமையை 28 நாளின் வாரச் சராசரியால் வகுத்து, 0.8 முதல் 1.3 வரை வந்தால் பயமில்லை என்பார்கள். அந்த எல்லையை ஆராய்ச்சியாளர்களிலேயே பலர் ஏற்பதில்லை. எனக்கு அது ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

மிடில் பிளாக்கருக்கு இந்த வாரம் குதிப்பு இல்லை. பாஸ், நின்ற இடத்து சர்வீஸ் மட்டும். "ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கேம்மா" என்றார் கோச். பெஞ்சில் இருக்கும் பெண்ணை இறக்கலாம் சார் என்றேன். ஆனால் போன மாதம் மேட்ச் நாட்களில் அந்தப் பெஞ்சுப் பெண்ணுக்கு எழுதிய எண்களையும் காட்டினேன்: வார்ம்-அப்போடு சரி, சுமையே இல்லை. மேட்ச் ஆடாதவர்களுக்கு அன்று மாலையே தனியாக அரை மணி நேரம் பயிற்சி வைக்கச் சம்மதித்தார். பந்து எடுத்துப் போட ஆள் கிடையாதாம், நானே நிற்கணும்.