வடக்கே திரும்பிய ஆன்டெனா

என் பெரியம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், கட்டியவர். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் உள்ள எங்கள் கடலோர ஊரிலிருந்து புறப்பட்டு, தொண்டி, தேவிபட்டினம், சாயல்குடி, முதுகுளத்தூர் என்று அவர் ஏறாத மேடை குறைவு. பங்குனிப் பொங்கலில் தொடங்கி ஆடி முளைப்பாரி வரை அவருடைய நாட்காட்டியில் வெறும் கட்டம் இருக்காது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒரே கம்பெனியாகச் சேர்ந்திருக்கும் நடிகர்கள் கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்தும், பபூன் புதுக்கோட்டையிலிருந்தும், ஆர்மோனியக்காரர் காரைக்குடியிலிருந்தும் அவரவர் தேதிக்கு வந்து, இரவு கொட்டகைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமணம் பிசகில்லாமல் விடியும்வரை நடக்கும் என்றால், அதற்குக் காரணம் 1922இல் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடமாக இருந்ததுதான்.

பாடம் மட்டும் போதாது. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கிளி விரட்டும் வள்ளிக்கும், அங்கே வரும் நாரதருக்கும், பிறகு வேடனாக வரும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்தில், எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியில் மடக்குவார் என்பது யாருக்கும் தெரியாது. பெரியம்மா பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் திருப்புகழிலிருந்தும் கந்தபுராணத்திலிருந்தும் கேள்வி வந்தால், ஆர்மோனியக்காரர் பின்பாட்டை முடிப்பதற்குள் அவரிடம் பதில் இருக்கும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைத் தெய்வமாகவே வைத்திருந்தார். தலைமாட்டில் அவருடைய படத்தை ஒட்டியிருந்த தகரப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைத் திறந்தால் அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை இன்னும் வருகிறது. ஒரு மூலையில் சவுரி முடி, மறு மூலையில் துணியில் சுற்றிய சலங்கை, மூடியின் உட்புறம் பதித்த கைக்கண்ணாடி. இருபது மைல் பேருந்தில் நின்றுகொண்டே போனாலும் அந்தப் பெட்டியை அவர் வேறொருவர் கையில் கொடுத்ததில்லை.

இரவெல்லாம் வள்ளியைக் கையெடுத்துக் கும்பிட்ட ஊர், காலையில் அதே பெண்ணைக் ‘கூத்தாடி’ என்று சொல்லும். வாடகைக்கு வீடு கேட்டபோது தொழிலைக் கேட்டுக் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. ஆரம்ப ஆண்டுகளில் அதன் நாடகங்களுக்கு மேடை நடிகர்களே பெரிதும் கைகொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் சென்னைத் தெருக்கள் அடங்கிவிடும் என்று சொல்வார்கள். அப்படி ஒரு நாடகத்தில், 1983இல், ஒரு கிராமத்துத் தாயாக நடிக்கப் பெரியம்மாவுக்கு அழைப்பு வந்தது. எட்டாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்ட வேண்டும் என்று பழகிய குரலை, அங்கே பாதியாகக் குறைக்கச் சொன்னார்களாம். கையை வீசக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தை விட்டு நகரக் கூடாது. மூன்று நாள் ஒத்திகை வேறு. திரும்பி வந்ததும் அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “ஆயிரம் பேரு முன்னாடி நின்னுருக்கேன் தங்கச்சி, கை நடுங்குனதில்ல. அந்த ஒத்தக் கண்ணு முன்னாடி நின்னப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு.” இருந்தாலும் நன்றாகச் செய்ததாகவே அவருக்குத் தோன்றியது. குறைத்துப் பேசினால் அழுகை தானாக வருகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன் என்றும் சொன்னார்.

எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான் இருந்தது, கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில். சென்னை எங்களுக்கு நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் அப்போது வந்திருக்கவில்லை. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியோ கடல் தாண்டித் தெளிவாகக் கிடைத்தது. அதனால் எங்கள் கரையில் ஆன்டெனாக்கள் எல்லாம் இலங்கையைப் பார்த்தே நின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை கடை வாசலில் எழுபது பேராவது கூடியிருப்போம். கடைக்காரரின் மகன் கூரைமேல் ஏறி, சவுக்குக் கம்பத்தை அணைத்துப் பிடித்து, ஆன்டெனாவை வடக்கே திருப்பினான். திரையில் அரிசி பொரிவதுபோல் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் குதித்தன. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கீழேயிருந்து கத்தினோம். ஒரு முறை, ஒரே ஒரு முறை, இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஒரு பெண்குரல் கேட்டதுபோல் இருந்தது. அது பெரியம்மாதான் என்று அம்மா கடைசிவரை சாதித்தார். அரைமணி நேரம் கழித்துக் கம்பம் மறுபடி தெற்கே திரும்பியது. சிங்களச் செய்தி பளிச்சென்று வந்தது. அந்த நாடகத்தின் பதிவு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அவரைத் திரையில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவரும் தன்னைப் பார்த்ததில்லை.

பெரியம்மா அன்று கூட்டத்தோடு நின்றார், புள்ளிகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அன்றிரவு பக்கத்து ஊரில் தேதி இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு எட்டு மணிப் பேருந்துக்குப் போனார். நானும் அம்மாவும் கூடவே போனோம், எங்கள் பின்னால் கடை வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் மணலில் நடந்தே வந்து சேர்ந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வேடனோடு நடந்த தர்க்கத்தில், வழக்கமாக உச்சத்தில் எடுக்கும் ஓர் அடியை அவர் குரலைத் தாழ்த்தி, கையை அசைக்காமல், நின்ற இடத்தில் நின்றபடியே பாடினார். ஆர்மோனியக்காரர் ஒரு கணம் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.