சைட்மேப்பில் எதை வைப்பது, எதை விடுவது

சைட்மேப் என்பது தேடுபொறியிடம் நீங்கள் கொடுக்கும் முகவரிப் பட்டியல். அது கட்டளை இல்லை. பட்டியலில் இருக்கிறது என்பதற்காக ஒரு பக்கத்தை கூகுள் இன்டெக்ஸ் செய்தே, அதாவது தன் தேடல் பட்டியலில் சேர்த்தே, தீர வேண்டும் என்று விதி கிடையாது. சுமார் 500 பக்கத்துக்குள் உள்ள தளத்தில், முகப்பிலிருந்து எல்லாப் பக்கத்துக்கும் இணைப்பு இருந்தால் சைட்மேப் தேவைப்படாமல் போகலாம் என்று கூகுளே சொல்கிறது. ஆனால் மதுரை மாசி வீதியில் உள்ள ஒரு கடை புதிதாகத் தளம் தொடங்கினால், வெளியிலிருந்து அதற்கு யார் இணைப்புக் கொடுத்திருக்கப் போகிறார்கள்? அப்படிப்பட்ட தளத்துக்குச் சைட்மேப் கட்டாயம் வேண்டும் என்பேன்.

பெரும்பாலான தவறுகள் பட்டியல் நீண்டுபோவதில்தான் தொடங்குகின்றன. சுங்குடிச் சேலை விற்கும் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் வாரியாக வடிகட்ட 12 தேர்வு, விலை வாரியாக அடுக்க 4 வழி இருந்தால், ஒரே சேலைகளைக் காட்டும் 48 முகவரிகள் உருவாகிவிடும். இவற்றில் ஒன்றுகூடச் சைட்மேப்பில் வரக் கூடாது. சேலையின் பக்கமும் அந்த வகையின் மூலப் பக்கமும் போதும். விற்றுத் தீர்ந்து நீக்கப்பட்ட பக்கம், வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பக்கம், நோஇன்டெக்ஸ் (இன்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்ற குறி) போட்ட பக்கம், கெனானிக்கல் (இதுதான் மூலப் பக்கம் என்று சொல்லும் குறி) வேறொன்றைக் காட்டும் பக்கம் ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு கையால் 'வா' என்றும் மறுகையால் 'வராதே' என்றும் சொல்வது போலாகும் அது.

கோப்பின் விதிகள் எளிமையானவை. ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை, அளவு 50 எம்பி வரை. ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்பலாம், ஆனால் இந்த 50 எம்பி கணக்கு சுருக்குவதற்கு முந்தைய அளவு. அதற்கு மேல் போனால் பல கோப்புகளாகப் பிரித்து, அவற்றைக் காட்டும் ஒரு இன்டெக்ஸ் கோப்பு வைக்க வேண்டும். முகவரியை எச்டிடிபிஎஸ் முதல் முழுமையாக எழுதுங்கள். கோப்பின் முதல் வரியான எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் ஒரு வெற்று வரி வந்தாலும் கோப்பு படிக்கப்படாது. ஏதோ ஒரு ப்ளக்இன் (தளத்தில் சேர்த்த கூடுதல் நிரல்) கோப்பின் கடைசியில் விட்ட காலி வரி இங்கே வந்து நிற்பதுண்டு. சைட்மேப் திடீரென்று பிழை காட்டினால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒவ்வொரு முகவரியோடும் போடும் பிரையாரிட்டி (முக்கியத்துவம்), சேஞ்ச்ஃப்ரீக் (எவ்வளவு அடிக்கடி மாறும்) இரண்டையும் கூகுள் கண்டுகொள்வதில்லை. எல்லாப் பக்கத்துக்கும் 1.0 போட்டு உட்கார்ந்திருப்பது வீண் வேலை. மதிப்புள்ளது லாஸ்ட்மாட், அதாவது கடைசியாகத் திருத்திய தேதி. அதையும் உண்மையாக இருந்தால்தான் கூகுள் நம்பும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லிகை விலையைத் தினமும் போடும் பக்கத்தில் தினமும் தேதி மாறுவது நியாயம். 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலைப் பற்றிய பக்கத்தில், பார்வை நேரத்தையோ கட்டணத்தையோ திருத்தாமல் தேதி ஏன் மாற வேண்டும்? சில நிரல்கள் கோப்பை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கத்துக்கும் அன்றைய தேதியைப் போட்டுவிடுகின்றன. அப்படிச் செய்தால், மல்லிகை விலைப் பக்கத்தின் நியாயமான தேதிக்கும் மதிப்பு இல்லாமல் போய்விடும். அடிக்குறிப்பில் வருடத்தை மாற்றியது திருத்தம் ஆகாது. சித்திரைத் திருவிழா நிகழ்ச்சி நிரலுக்கு வருடா வருடம் புது முகவரி உண்டாக்காமல், ஒரே பக்கத்தைப் புதுப்பித்துத் தேதியை மாற்றுவதுதான் என் பரிந்துரை. தேதியின் வடிவம் 2025-04-29 என்று வருடத்தில் தொடங்க வேண்டும். நம் வழக்கப்படி 29-04-2025 என்று எழுதினால் பிழை வரும். நேரமும் சேர்த்தால் கடைசியில் இந்திய நேரத்துக்கான +05:30 போட வேண்டும்.

தமிழில் முகவரி வைப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். யூனிகோடில் 'து' என்பது த, உகரக் குறி என்று இரண்டு குறியீடு. 'மதுரை' மொத்தம் 5 குறியீடு. சைட்மேப்பில் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறி போட்ட 9 எழுத்தாக மாறும், ஆக மதுரை 45 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு ஸ்லக்குக்கு (முகவரியின் கடைசியில் வரும் பக்கப் பெயருக்கு) ஒதுக்குவது 200 எழுத்துதான், தமிழில் 22 குறியீடு. 'சித்திரைத் திருவிழா அழகர் எதிர்சேவை' என்று தலைப்பு வைத்தால், ஸ்லக் 'அழகர' என்று புள்ளி இல்லாமல் அறுந்து நிற்கும். எதிர்சேவை வரவே வராது. இரண்டே சொல்லில் சுருக்கமாக நீங்களே ஸ்லக்கை எழுதிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய முகவரியிலிருந்து திருப்பிவிடும் ஏற்பாடு வேண்டும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சர்வருக்கு அவை வெவ்வேறு முகவரிகள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையை ஒட்டிக் கையால் சைட்மேப் எழுதினால், பார்வைக்குச் சரியாக இருக்கும் முகவரி 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை, தரும். தட்டச்சு செய்யாமல், பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து முகவரியை நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு.

2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகவே டபிள்யூபி-சைட்மேப்.எக்ஸ்எம்எல் உருவாக்குகிறது. அது 404 காட்டினால், தளம் கட்டும்போது போட்ட 'தேடுபொறிகள் வேண்டாம்' என்ற டிக் அமைப்புகளில் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கலாம். பிளாக்கரில் பதிவுகளுக்கு சைட்மேப்.எக்ஸ்எம்எல், தனிப் பக்கங்களுக்கு சைட்மேப்-பேஜஸ்.எக்ஸ்எம்எல். இரண்டையும் கொடுங்கள்.

கொடுக்கும் வழி இரண்டு. தேடுபொறிகள் படிக்கும் ரோபாட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பில் 'சைட்மேப்' என்று ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளிக்குப் பிறகு முழு முகவரியைப் போட்டால் எல்லாத் தேடுபொறிக்கும் போய்ச் சேரும். கூகுளுக்கு, தளம் வைத்திருப்பவர்களுக்கான அதன் சர்ச் கன்சோல் கருவியிலும் சேர்த்துவிடுங்கள். சைட்மேப் மாறியதும் கூகுளுக்குத் தகவல் அனுப்ப முன்பு இருந்த 'பிங்' முறையை 2023-இல் கூகுள் நிறுத்திவிட்டது.

சர்ச் கன்சோலில் 'வெற்றி' என்று வந்தால் கோப்பைப் படித்துவிட்டது என்று மட்டுமே பொருள். எத்தனை பக்கம் இன்டெக்ஸ் ஆனது என்பது பக்க இன்டெக்ஸ் அறிக்கையில்தான் தெரியும். அந்த அறிக்கையைச் சைட்மேப் வாரியாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதனால் பக்கம் குறைவாக இருந்தாலும் சேலை, துப்பட்டா, கட்டுரை என்று தனித்தனிக் கோப்பாக வைப்பது எனக்குப் பிடிக்கும். எந்தப் பகுதி தங்கிப்போகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

'பெற முடியவில்லை' என்று வந்தால், சர்ச் கன்சோலின் யூஆர்எல் ஆய்வில் சைட்மேப் முகவரியைப் போட்டு நேரடிச் சோதனை நடத்துங்கள். நம் ஊர்க் கடைத் தளங்களில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: வாடிக்கையாளர் எல்லாம் இந்தியாவில்தானே என்று வெளிநாட்டு ஐபிகளை (கணினிகளின் இணைய எண்களை) ஃபயர்வாலில் (தளத்தின் காவல் தடுப்பில்) மொத்தமாக அடைத்திருப்பார்கள். பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வருகிறது. உங்கள் செல்போனில் சைட்மேப் அழகாகத் திறக்கும், கூகுளுக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். ஃபயர்வாலில் கூகுள்பாட்டுக்கும் பிங் தேடுபொறியின் பிங்பாட்டுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டு நேரடிச் சோதனையை மறுபடி நடத்துங்கள்.