மணலிப் பக்கம் காற்று டோம்: தூக்கி நிறுத்துவதைவிட இழுத்துக் கட்டுவதே பெரிய வேலை

காற்று டோம் என்பது தூணோ சட்டமோ இல்லாமல், பிளோயர் (காற்றூதும் விசிறி) உள்ளே ஏற்றும் காற்றழுத்தத்திலேயே நிற்கும் துணிக்கூடாரம். வடசென்னையின் மணலிப் பக்கம் விளையாட்டு அரங்காகப் போடும் நம் டோமின் அகலம் 30 மீட்டர், நீளம் 40 மீட்டர், நடு உயரம் 10 மீட்டர். தரையளவை வைத்து இரண்டு கோர்ட் போடலாம் என்று தோன்றும், முடியாது. ஓரத்தில் வளைந்து இறங்குவதால், விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே வந்தாலும் தலைக்கு மேல் மூன்றரை மீட்டர்தான். கூடைப்பந்துக்கும் வாலிபாலுக்கும் தேவையான 7 மீட்டர் தடையில்லா உயரம் நடுவில் 19 மீட்டர் அகலத்துக்குள் மட்டுமே கிடைக்கிறது. அதனால் நடுவில் ஒரே கூடைப்பந்துக் களம். வாலிபால், ஷட்டில் கோடுகள் அதன் மேலேயே. கபடி விரிப்பையும் அங்கேயே விரித்துக்கொள்ளலாம். ஓரப் பட்டைகள் கேரமுக்கும் பாக்சிங் பயிற்சிக்கும். பாக்சிங் பையை டோமில் தொங்கவிடக் கூடாது, தரையில் நிற்கும் ஸ்டாண்டு வேண்டும். விளக்குகளும் அப்படியே, ஓரமாகத் தனிக் கம்பங்களில்.

உள்ளே காற்றழுத்தம் சாதாரண நாளில் 250 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. 1,200 சதுர மீட்டருக்கு 30 டன் மேல்நோக்கி இழுக்கும். பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் துணியோ ஒன்றரை டன் அளவுதான். 30 டன்னைச் சுற்றளவால் வகுத்து மீட்டருக்கு 215 கிலோ என்று, துணியைச் சுற்றிலும் பிடித்துக் கட்டும் தரைப் பீம் போட்டால் ஏமாந்துபோவோம். நீளப் பக்கத்தின் நடுவில் வரும் இழுவை, அழுத்தத்தைப் பாதி அகலத்தால் பெருக்கியது: மீட்டருக்கு 380 கிலோ. பலத்த காற்றில் அழுத்தத்தை 500-க்கு ஏற்றினால் 765. வெளிக்காற்றின் உறிஞ்சல் இதற்கு மேல்.

600-க்கு 750 மில்லிமீட்டர் கான்கிரீட் பீம் மீட்டருக்கு 1,080 கிலோ, போதும்போலத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கே வந்துவிடுகிறது. நீரில் மூழ்கிய கான்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன் அல்ல, 1.4 டன்தான். அதே பீம் அப்போது 630 கிலோ! புயல் வருகிற மாதத்திலேயே எடை குறைகிறது. ஆகவே களிமண் உள்ள இடத்தில் பீமுக்கு அடியில் அண்டர்-ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல விரிந்த கான்கிரீட் தூண்) போட்டுப் பிடிக்க வேண்டும். திருவொற்றியூர், காசிமேடு போன்ற கடலோர மணலில் பைலின் குமிழ் நிற்காது, துளை சரியும். அங்கே திருகுபோல மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் இரும்பு நங்கூரம்தான். கடலோரம் என்றால் சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) வரம்பையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். மண் பரிசோதனையை வெயில் காலத்தில் எடுத்தால் தண்ணீர் மட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். அக்கம்பக்கத்துக் கிணறு மழைக்காலத்தில் எங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

உப்புக்காற்றுக்குப் பெயிண்ட் அடித்த இரும்பு தாங்காது. கேபிளும் ஆங்கிளும் ஹாட்-டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தல்) செய்தவை, போல்ட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிளோயரின் காற்று வாயைக் கன்டெய்னர் லாரி ஓடும் சாலைப் பக்கம் வைத்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அழுத்தம் மெல்ல இறங்கும். பிளோயர் இரண்டு (ஒன்று மாற்று), ஜெனரேட்டர், தானாக மாற்றும் பேனல் எல்லாவற்றையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் சுவரில் விட்ட கறைக்கு மேல் மேடை கட்டி வையுங்கள்.

கதவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1 மீட்டருக்கு 2 மீட்டர் கதவின் மீது 250 பாஸ்கல் என்றால் 50 கிலோ தள்ளல். வெளிப்பக்கம் திறக்கும் அவசரக் கதவுத் தாழை ஒரு குழந்தை தட்டிவிட்டால் போதும், கதவு அறைந்து திறக்கும். ஹைட்ராலிக் குளோசர் கட்டாயம். அன்றாடப் போக்குவரத்துக்குச் சுழல் கதவு. சக்கர நாற்காலிக்கு, ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும் இரட்டைக் கதவு அறை.

அழுத்தம் காட்டும் சென்சாரின் குழாயில் தூசியும் எறும்பும் அடைக்கும். திரையில் 250 என்றே நிற்கும், டோம் தொய்ந்திருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்) U வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வெளியே விட்டுச் சுவரில் மாட்டுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 25 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சரி. கரண்டே வேண்டாம்.

காற்றேற்றுவது விடியற்காலையில், கடல்காற்று எழும்புமுன். துணியைச் சுற்றிலும் பீமில் முழுக்கப் பூட்டிய பிறகே பிளோயர். பாதி பூட்டி ஓட்டினால் திறந்த பக்கம் பாய்போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும், ஆள் பிடித்து நிற்காது.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சென்னைக்குச் சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் 1,500 பாஸ்கல். நம் 500 பாஸ்கல் ஏறக்குறைய மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றுக்குத்தான் ஈடு. 2016 வர்தா போல ஒன்று வந்தால் நிறுத்திவைக்க நினைப்பது வீண். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியதும் முடிவெடுத்து, காற்று வலுக்குமுன் இறக்கிவிடுங்கள்; பாதி இறங்கிய துணிதான் படபடத்துக் கிழியும். முதலில் கூடைக் கம்பங்களையும் விளக்குக் கம்பங்களையும் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் துணியில் குத்தும். மழை விட்டபின் மேலே தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்காமல் பிளோயரைத் தொடாதீர்கள்: 100 சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் நின்றாலே 10 டன்.

தீபாவளி ராக்கெட் விழுந்து ஓட்டை போட்டால் பயப்பட வேண்டாம். சிறு ஓட்டைக்கு டோம் விழாது, பிளோயர் ஈடுகட்டும். ஓட்டையைவிடச் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் பெரிதாக, மூலை வட்டமாக வெட்டிய அதே துணியை ஹாட்-ஏர் கன்னால் சூடேற்றி ரோலரால் அழுத்தி ஒட்டினால் முடிந்தது. மீந்த துணியில் ஒரு சுருளை முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.