எல்லைக்கல்லும் கட்டுவிரியனும்

நில அளவைத் துறையில் சேர்ந்த புதிதில் நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கவும், நில எல்லைகளை வரைந்த புலப்படம் படிக்கவும் சொல்லித் தந்தார்கள். எல்லைக்கல் இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஏர் படாத, கால் படாத வரப்பு முனை. கல்லடியில் எலி வளை, மேலே முள் புதர். அதற்கு வேறென்ன வேண்டும்?

செஞ்சிப் பக்கம் வேலை பார்த்தபோது புதர் வெட்ட ஓர் இருளர் பெரியவர் வருவார். அவருடைய சொந்தக்காரர்கள் சிலர் வடநெம்மேலியில் இருக்கும் பாம்பு பிடிப்போர் சங்கத்தில் இருந்தார்கள். 1978இல் தொடங்கிய சங்கம். விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பது. பெரியவர் புதரைக் கம்பால் இரண்டு தட்டு தட்டாமல் கை வைக்க மாட்டார். ஓடுவது பெரும்பாலும் சாரைதான். துளி விஷமில்லை, எலியைத் தின்று நெல்லைக் காக்கிறது. பகலில் நீளமாகக் கண்ணில் பட்டுத் தொலைப்பதால், நான் பார்த்தவரை, அதிகம் அடிபட்டுச் சாவதும் அதுதான்.

ஒருநாள் வரப்போரம் தடிமனாக ஒன்று சுருண்டு கிடந்தது. “மண்ணுளிதானே சார்” என்று எங்கள் சங்கிலி ஆள் குனிந்தான். எனக்கும் அந்த விஷமில்லாத பாம்பாகத்தான் பட்டது. பெரியவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் சீறல் கேட்டது. குக்கரில் ஆவி போகிற மாதிரி, நிற்காமல். கண்ணாடி விரியன். மண்ணுளிக்குத் திட்டுகள் கோணல்மாணலாக இருக்கும், வால் குட்டையாக முடியும். இதற்கு முதுகு நெடுக வளையம் கோத்த மாதிரி வரிசை.

“சங்கிலி புடிக்கிறவனுக்கு அது முதுகுல இருக்கிற சங்கிலி தெரியலியே!” வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரிக்காத நாளும் ஒன்று உண்டு. முகாமில் பழைய கட்டடம் ஒன்றில் படுத்திருந்தோம். நள்ளிரவில் தலைமாட்டுச் சுவரில் கறுப்பாக, வெள்ளைப் பட்டைகளோடு ஒன்று ஏறியது. கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது, தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகும் என்று கேட்டிருந்தேன். அடித்துவிட்டேன். காலையில் பெரியவர் குச்சியால் புரட்டிப் பார்த்தார். பட்டை கழுத்திலிருந்தே தொடங்கி, வாலுக்குப் போகப் போக மங்கியிருந்தது. கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வெறுமையாக இருக்கும், வால் பக்கம்தான் பளிச்சென்று தெரியும்.

“வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது. பல்லி திங்க வந்திருக்கு” என்றார். வேறொன்றும் சொல்லாமல் எடுத்துப்போய் வேலியோரம் புதைத்தார்.

அதே சுவரில் இன்னொரு முறை ஏறினால் டார்ச் அடித்துப் பட்டை பார்த்துக்கொண்டு நிற்பேனா? இருபது வருடம் ஆகியும் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.