மே மாதம், முக்காலி வரை

பையனுக்குப் பள்ளி லீவு விட்டாச்சு. மே இரண்டாவது வாரம் கேரளத்தில் இருக்கும் சைலன்ட் வேலிக் காட்டுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். நான், பையன், கோபியிலிருந்து அப்பா. மூன்று பேர்தான்.

உண்மையில் அப்பாவுக்காகத்தான் இந்தப் பயணம். அவருக்கு 72 வயது. எங்கள் வயல் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். பவானித் தண்ணீர் தவிர வேறு தண்ணீரில் அவர் நெல் நட்டதே இல்லை. ஆனால் பவானிசாகர் அணைக்கு மேலே அந்த ஆறு எப்படி இருக்கும் என்று இன்றுவரை பார்த்ததில்லை. நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, சைலன்ட் வேலிக் காட்டை ஒட்டி வரும் பவானி, முக்காலி என்ற சின்ன ஊரருகே சட்டென்று வடகிழக்கே திரும்பிவிடுகிறது. பக்கத்து மலையில் ஓடும் குந்திப்புழை தெற்கே இறங்கி, பாரதப்புழையோடு சேர்ந்து அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. நம் ஆறு மட்டும் திரும்பி நம்மிடம் வருகிறது. அந்தத் திருப்பத்தை அப்பா ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

போனில் சொன்னபோது, “ஏனம்மிணி, தண்ணியப் பாக்கறதுக்கா அவ்வளவு தூரம்?” என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டு, எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று கேட்டார்.

ஆறு வருடம் முன்பு நான் தோழிகளோடு போயிருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு முக்காலி போய்ச் சேர்ந்ததால் அன்று காட்டுக்குள் போக முடியவில்லை. அகளியில் ராத்தங்கி மறுநாள் காலையில்தான் போனோம். சொந்த வண்டியை உள்ளே விடுவதில்லை. முக்காலியில் வனத்துறையிடம் சீட்டு வாங்கி, ஜீப்பில் வழிகாட்டியோடு 23 கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் இந்த முறை முதல் நாளே கோவையிலிருந்து ஆனைக்கட்டி வழியாக அகளி போய்த் தங்கிவிடுவோம். காலை ஏழரைக்குள் முக்காலியில் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். கோடையில் காட்டுத்தீ பயம் இருந்தால் மூடிவிடுவார்கள் என்பதால், கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்வது அவசியம். ஜூன் பிறந்துவிட்டால் மழை, கூடவே அட்டை. அப்பாவை அதில் கூட்டிப் போக எனக்கு மனசில்லை.

ஜீப் போய் நிற்கும் இடத்துக்குப் பெயர் சைரந்திரி. விராடன் அரண்மனையில் பாஞ்சாலி மறைந்திருந்தபோது வைத்துக்கொண்ட பெயர். அப்பாவுக்குப் பாரதக் கதை அத்துப்படி, அங்கே பையனுக்கு அவரே சொல்லட்டும். சுமார் 30 மீட்டர் உயரக் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று உண்டு. மேலே ஏறினால் கண்ணுக்கெட்டியவரை காடுதான், நடுவில் ஒரு கூரைகூடத் தெரியாது. அப்பாவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது. அவரோடு நான் கீழே உட்கார்ந்துகொள்வேன், பையன் வழிகாட்டியோடு ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்.

இந்தக் காட்டுக்குள் ஓடும் குந்திப்புழைக்குக் குறுக்கேதான் எழுபதுகளில் மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் போட்டார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும் கவிஞர் சுகதகுமாரியும் இன்னும் எத்தனையோ பேரும் வருடக்கணக்கில் போராடினார்கள். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா ஆனது. அணைத் தண்ணீரில் விளைந்த சோறு சாப்பிட்டு வளர்ந்தவள் நான், எல்லா அணையும் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இங்கே கட்டாமல் விட்டது சரி என்று முழு மனசோடு நம்புகிறேன்.

காரணம் கேட்டால், போன முறை வழிகாட்டி என் உள்ளங்கையில் வைத்த ஒரு பழ ஓட்டைத்தான் சொல்வேன். முள்முள்ளாக, குட்டிப் பலாக்காய் மாதிரி, பிளந்து கிடந்தது. உள்பக்கம் இன்னும் ஈரம். “வெடிப்ளாவு. இப்பத்தான் தின்னுட்டுப் போயிருக்கு” என்று மேலே கை காட்டினார். கிளைகள் ஆடின. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். சிங்கவால் குரங்கு. அரை நிமிடம்கூட இருக்காது, போய்விட்டது. தரைக்கு அதிகம் இறங்காத உயிர் அது, மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வழி. நடுவில் காடு அறுந்தால் அது எங்கே போகும்?

பையனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: யானை, புலி எதுவும் கண்ணில் படாமலும் போகலாம், கத்தக் கூடாது, பளிச்சென்ற சட்டை வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் பாட்டில் மூன்று எடுத்து வைத்தாச்சு. கட்டுச்சோறு வண்டியிலேயே இருக்கும், திரும்பி வந்து முக்காலியில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

நேற்று ராத்திரி அப்பா மறுபடி கூப்பிட்டார். “அந்தத் திருப்பத்துல எறங்கிக் கால் நனைக்க முடியுமா கண்ணு?” எந்த இடத்தில் கரை சரிவில்லாமல் இருக்கும், அவர் காலுக்கு எது தோதாக இருக்கும் என்று முக்காலியில் உள்ளூர்க்காரர் யாரிடமாவது கேட்க வேண்டும். நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன்.